வயல் போட்டோவைத் திறந்ததும் பிரவுசர் முடங்குவது ஏன்? 72 மணி நேரக் கெடுவுக்குள் டெல்டா விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ராத்திரி முழுக்க மழை. காலையில் போய்ப் பார்த்தால் கதிர் வந்த நெற்பயிர் தண்ணிக்குள்ள கிடக்கு. கையில் இருக்கும் போனில் நாலு படம் எடுத்தாச்சு. பயிர் காப்பீட்டுக்காகவோ நிவாரணத்துக்காகவோ அதை இணையத்தில் ஏற்றப் போனால், பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் திரை வெள்ளையாகிறது. மறுபடி திறந்தால், நிரப்பி வைத்த விண்ணப்பம் காலி!

“நெட்வொர்க் சரியில்லை” என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பல நேரங்களில் கோளாறு டவரில் இல்லை, போனின் மெமரியில் இருக்கிறது. 4 எம்பி என்று காட்டும் ஒரு போட்டோ, திறந்த அடுத்த நொடியில் 48 எம்பி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சில போட்டோக்கள் 400 எம்பியைத் தாண்டுகின்றன. இது எப்படி நடக்கிறது? என்ன செய்தால் தப்பலாம்? பார்க்கலாம்.

இப்போது ஏன் இது முக்கியம்?

பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் நெல் வயல் வெள்ளத்தில் மூழ்கும் பாதிப்பு மறுபடியும் சேர்க்கப்படும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. உள்ளூர் அளவிலான இடர்ப்பாடுகளின் பட்டியலில் இருந்து 2018-ல் நீக்கப்பட்ட பாதிப்பு இது. 2026 காரீப் பருவத்தில் இருந்து அமல் என்று சொல்லப்பட்டது. பயன்பெறும் மாநிலங்களில் தமிழ்நாட்டின் பெயரும் இருக்கிறது.

டெல்டாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வழக்கமான முறையில், வருவாய் கிராமம் போன்ற ஒரு பகுதியை மொத்தமாக எடுத்துக்கொண்டு, அங்கே பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, சராசரி மகசூல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் இழப்பீடு கணக்கிடப்படும். ஊரில் மேட்டு வயல் தப்பித்து, பள்ளத்து வயல் மட்டும் மூழ்கினால், அந்தப் பள்ளத்து வயல்காரரின் நஷ்டம் சராசரிக்குள் காணாமல் போய்விடும். உள்ளூர் இடர்ப்பாடு என்ற பிரிவில் வந்தால், அவருடைய வயலைத் தனியாகப் பார்க்க வழி உண்டு.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கு. பாதிப்பு நடந்த 72 மணி நேரத்துக்குள், பயிர் காப்பீட்டு ஆப் வழியாக, இடக்குறிப்புள்ள போட்டோவுடன் தகவல் தெரிவிக்க வேண்டும். அதாவது எந்த இடத்தில் எடுத்தது என்ற அட்சரேகை, தீர்க்கரேகை விவரம் படத்தோடு சேர்ந்திருக்க வேண்டும்.

டிட்வா புயல் மழையில் 2025 நவம்பர் கடைசியில் சம்பா, தாளடி வயல்கள் மூழ்கியதை நாகை, திருவாரூர், தஞ்சை, மயிலாடுதுறை மாவட்டங்கள் பார்த்தன. அந்த மாதிரி நாட்களில் மின்சாரம் இருக்காது, சிக்னல் வந்து வந்து போகும். அந்த 72 மணி நேரத்தில் போன் முடங்கிப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும்.

4 எம்பி படம் எப்படி 48 எம்பி ஆகிறது?

இதைப் புரிந்துகொள்ள நெல் மூட்டையே போதும்.

40 கிலோ சிப்பம் ஒன்றைக் கட்டி நிறுத்தினால் ஒரு ஆள் நிற்கும் இடம் போதும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பி, அதே நெல்லைப் பிரித்துக் காயப்போட்டால்? ரோட்டில் பாதி போய்விடும். நெல்லின் எடை மாறவில்லை, ஆனால் அது பிடிக்கும் இடம் பல மடங்கு கூடிவிட்டது.

போட்டோவும் அப்படித்தான். ஜேபெக் படம் என்பது இறுக்கிக் கட்டிய மூட்டை. போனில் சேமிக்கும்போதும் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் அது மூட்டையாகவே இருக்கும். கேலரியில் ‘4 எம்பி’ என்று காட்டுவது இந்த மூட்டையின் அளவைத்தான். திரையில் காட்ட வேண்டும் என்றால் பிரவுசர் மூட்டையைப் பிரித்தே ஆகவேண்டும். பிரித்துப் பரப்பும் களம்தான் ரேம்.

களத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் பெருக்குங்கள். வருவதை 4-ஆல் பெருக்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம், ஒளி ஊடுருவும் தன்மை என்று ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் தேவைப்படுவதுதான் காரணம்.

• 12 மெகாபிக்சல் படம், 4,000 x 3,000 பிக்சல்: 48 எம்பி

• 48 மெகாபிக்சல் படம், 8,000 x 6,000 பிக்சல்: 192 எம்பி

• 108 மெகாபிக்சல் படம், 12,000 x 9,000 பிக்சல்: 432 எம்பி

இது ஒரே ஒரு படத்துக்கு. நாலு படத்தை ஒன்றாகத் தேர்வு செய்தால் நாலு மடங்கு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, இன்றைய போன் திரைகளில் பொதுவாக 1,080 x 2,400 பிக்சல்கள்தான். அதாவது சுமார் 26 லட்சம் புள்ளிகள். 108 மெகாபிக்சல் படத்தில் இருப்பதோ 10 கோடியே 80 லட்சம் புள்ளிகள். திரையில் காட்டவே முடியாத புள்ளிகளுக்காகத்தான் போன் இவ்வளவு திணறுகிறது.

‘128 ஜிபி போன்தானே, எப்படி மெமரி பத்தாமப் போகும்?’

இங்கேதான் பலருக்கும் குழப்பம். 128 ஜிபி என்பது சேமிப்பிடம். நெல்லைக் கொட்டி வைக்கும் குதிர் மாதிரி. ரேம் வேறு, அது காயப்போடும் களம். குதிர் எவ்வளவு பெரிசா இருந்தாலும், களம் சின்னதா இருந்தால் ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் பரப்ப முடியும்.

குறைந்த விலை போன்களில் ரேம் 3 அல்லது 4 ஜிபிதான் இருக்கும். அதிலும் பெரும்பகுதியை ஆண்ட்ராய்டும், பின்னணியில் ஓடும் ஆப்களும் முன்பே பிடித்துவைத்திருக்கும். மிச்சம் இருப்பதில்தான் பிரவுசர் பிழைக்க வேண்டும்.

சில போன்களில் ‘கூடுதல் ரேம்’ என்று ஒரு வசதி தருகிறார்கள். சேமிப்பிடத்தில் கொஞ்சத்தை எடுத்து ரேம் மாதிரி பயன்படுத்தும் ஏற்பாடு அது. உண்மையான ரேம் வேகம் அதில் கிடைக்காது.

கேலரியில் திறக்குதே, பிரவுசரில் மட்டும் ஏன் தகராறு?

கேலரி ஆப் சாமர்த்தியமானது. முதலில் படத்தைத் திரைக்குத் தேவையான சிறிய அளவில் மட்டும் பிரிக்கும். விரலால் பெரிதாக்கினால், அந்தப் பகுதியை மட்டும் தெளிவாக்கிக் காட்டும். சில பிரவுசர்களிலும் ஜேபெக் படங்களைச் சிறிதாகப் பிரித்துக்காட்டும் உத்தி உண்டு.

சிக்கல் வருவது பதிவேற்றப் பக்கங்களில். நீங்கள் தேர்வு செய்த படத்தை முன்னோட்டமாகக் காட்டவோ, திருப்பவோ, வெட்டவோ அந்தப் பக்கம் முயன்றால், முழுப் படமும் களத்தில் பரப்பப்படும். திருப்பிய படத்துக்கு இன்னொரு பிரதி. சில பக்கங்கள் படத்தை எழுத்து வடிவமாக மாற்றி வைத்துக்கொள்ளும். அதனால் கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்.

இன்னொரு தப்பும் சில இணையப் பக்கங்களில் நடக்கும். படத்தை மாற்றி வேறு படம் தேர்வு செய்தால், பழைய படத்தை மெமரியில் இருந்து இறக்காமல் விட்டுவிடுவது. முதல் முயற்சி, இரண்டாம் முயற்சி என்று ஒவ்வொன்றும் மேலே மேலே குவியும். “மூணு தடவை ட்ரை பண்ணேன், நாலாவது தடவை போனே ஹேங் ஆயிடுச்சு” என்று சொல்வதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

விண்ணப்பம் காலியாவது எதனால்?

விண்ணப்பத்தில் இருந்தே கேமராவைத் திறக்கிறீர்கள். கேமராவுக்கு நிறைய ரேம் வேணும். இடம் போதாதபோது, பின்னணிக்குப் போன ஆப்பை ஆண்ட்ராய்டு மூடிவிடும். இப்போது பின்னணியில் இருப்பது உங்கள் பிரவுசர்! படம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் பக்கம் புதிதாகத் திறக்கிறது. அதுவரை தட்டச்சு செய்ததெல்லாம் போச்சு.

கேபியைக் குறைத்தால் தீர்ந்துவிடுமா?

தீராது. இதுதான் முக்கியமான விஷயம்.

“படம் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும்” என்று பல இணையதளங்கள் கேட்கின்றன. உடனே ஏதாவது இலவச இணையதளத்தில் போட்டு 4 எம்பி படத்தை 200 கேபியாக அழுத்திவிடுகிறோம். அழுத்தும்போது படத்தின் தரம் மட்டும் குறைந்து, பிக்சல் எண்ணிக்கை 4,000 x 3,000 ஆகவே இருந்தால், திறக்கும்போது அது அதே 48 எம்பியைத்தான் பிடிக்கும். மூட்டையை இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் நெல் அதே நெல்.

குறைக்க வேண்டியது பிக்சலை. அதே படத்தை 1,600 x 1,200 ஆக மாற்றினால், மெமரியில் அது பிடிக்கும் இடம் 8 எம்பிக்கும் கீழே வந்துவிடும். நீள அகலத்தைப் பாதியாக்கினால், மெமரி கால்வாசியாகக் குறையும்.

ஆனா ஒரு எச்சரிக்கை: இடக்குறிப்பு உதிர்ந்துவிடும்!

ஆதார், வங்கிப் பாஸ்புக், அடங்கல் நகல் போன்றவற்றை எப்படிச் சுருக்கினாலும், எழுத்து தெளிவாக இருந்தால் போதும். பயிர் பாதிப்புப் படம் அப்படி இல்லை. அதில் பயிரோடு சேர்த்து இடமும் சாட்சி.

இடக்குறிப்பு என்பது படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் சின்னத் தகவல். கண்ணுக்குத் தெரியாது. கீழ்க்கண்ட வழிகளில் அது காணாமல் போகலாம்:

• வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு நீங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும்.

• ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அதில் வயலின் இடக்குறிப்பு இருக்காது.

• படத்தைச் சுருக்கித் தரும் பல இணையதளங்களும் ஆப்களும் அதை நீக்கிவிடுகின்றன.

• சில போன்களில், பிரவுசர் வழியாகக் கேலரிப் படத்தைத் தேர்வு செய்யும்போதே இடக்குறிப்பு மறைக்கப்பட்டுவிடும். தனியுரிமைக்காகச் செய்த ஏற்பாடு அது.

மகன் சென்னையில் இருக்கிறான், அவனுக்கு வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி அவனை விட்டுப் பதிவேற்றச் சொல்லலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படம் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் வயல் எங்கே இருக்கிறது என்ற சாட்சி போகாது.

வயலில் நிற்கும்போது என்ன செய்யலாம்?

1. கேமரா அமைப்பில் ‘லொகேஷன்’ இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். படம் எடுத்த பிறகு இயக்கினால் பலன் இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் இருந்து வருவதால், இன்டர்நெட் இல்லாத வயலிலும் வேலை செய்யும். இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகலாம், அவ்வளவுதான்.

2. ‘50 எம்பி’, ‘108 எம்பி’, ‘ஹை ரெசல்யூஷன்’ என்று இருக்கும் முறையை அணைத்துவிடுங்கள். இந்த போன்கள் சாதாரண முறையில் பெரும்பாலும் 12 மெகாபிக்சல் அளவிலேயே படத்தைச் சேமிக்கும். மூழ்கிய பயிரைக் காட்ட அது தாராளம். மெமரி தேவை 432 எம்பியில் இருந்து 48-க்கு இறங்கிவிடும்.

3. பாதிப்புப் படத்தைப் பிரவுசரில் சுற்றி வளைத்து ஏற்றுவதைவிட, பயிர் காப்பீட்டு ஆப்பையே பயன்படுத்துங்கள். திறப்பதற்கு முன் மற்ற ஆப்களை மூடிவிடுங்கள்.

4. மூலப் படத்தை அழிக்காதீர்கள். சுருக்கினால் நகலைச் சுருக்குங்கள்.

5. ஆவணங்களைப் பிரவுசரில் ஏற்றுவதாக இருந்தால், முதலில் படத்தை எடுத்து வைத்துவிட்டு, பிறகு விண்ணப்பத்தைத் திறங்கள். ஒன்று தோல்வி அடைந்தால் அதே பக்கத்தில் திரும்பத் திரும்ப முயலாமல், டேபை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

6. போன் ஒத்துழைக்கவே இல்லையா? படத்துக்காகக் காத்திருந்து கெடுவை விட்டுவிடாதீர்கள். பயிர் காப்பீட்டுக்கான உதவி எண் 14447-க்கு அழைத்து, எந்தத் தேதியில் என்ன பாதிப்பு என்று சொல்லி, புகார் எண்ணை வாங்கிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்திலும் சொல்லிவையுங்கள். உங்கள் பயிருக்கும் பகுதிக்கும் எந்தெந்தப் பாதிப்பு அறிவிக்கை செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

இ-சேவை மையக் கம்ப்யூட்டர் ஏன் நிற்கிறது?

சம்பா காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் நவம்பர் மாதத்தில் பொதுச் சேவை மையங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் கூட்டம் அலைமோதும். வழக்கமான கெடு நவம்பர் 15. 2024-ல் அது நவம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டது. கடைசி நாட்களில் ‘சிஸ்டம் ஸ்லோ’ என்ற வார்த்தையைக் கேட்காதவர்கள் குறைவு. எல்லாவற்றுக்கும் சர்வர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அடங்கலை ஏ4 அளவில் 600 டிபிஐ-யில் கலரில் ஸ்கேன் செய்தால் 4,960 x 7,016 பிக்சல். பிரவுசரில் திறந்தால் ஒரு பக்கத்துக்கு 139 எம்பி. பத்துப் பேருடைய அடங்கலைப் பத்து டேபில் திறந்து வைத்தால் 1.4 ஜிபி. 4 ஜிபி ரேம் உள்ள பழைய கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

அதையே 200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் பக்கத்துக்கு 16 எம்பிக்குள் அடங்கிவிடும். எழுத்தும் படிக்கும்படியே இருக்கும்.

குற்றவாளி படம்தானா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிப்பதும் எளிதுதான். கம்ப்யூட்டரில் குரோம் அல்லது எட்ஜ் திறந்திருக்கும்போது ஷிப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரவுசரின் டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப் எவ்வளவு மெமரி தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஃபயர்பாக்ஸிலும் இது போன்ற பட்டியல் உண்டு.

படம் உள்ள டேபை மூடியதும் மெமரி இறங்கினால், காரணம் படம்தான். மூடியும் இறங்காவிட்டால் எக்ஸ்டென்ஷன்கள் மீது சந்தேகப்படலாம். அவை வழக்கமாக இயங்காத இன்காக்னிட்டோ முறையில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே சரியாக ஓடினால், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். இன்னும் விண்டோஸ் 7 வைத்திருக்கும் மையங்களுக்கு ஒரு தகவல்: 2023 தொடக்கத்தோடு குரோம் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அதன் பிறகு வந்த எந்த மேம்பாடும் அந்தக் கம்ப்யூட்டருக்கு வராது.

எல்லாம் விவசாயி தலையில்தானா?

இல்லை. பெரிய படத்தைச் சின்ன போனில் காட்டுவது தொழில்நுட்ப உலகில் எப்போதோ தீர்த்துவிட்ட பிரச்னை.

போனில் மேப் திறந்து தஞ்சை பெரிய கோயிலைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கிறோம். உலகம் முழுவதன் படமும் நம் போனுக்குள் வருவதில்லை. மேப் முழுவதும் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 256 x 256 பிக்சல் சதுரம் ஒன்று மெமரியில் 256 கேபிதான் பிடிக்கும். திரையில் தெரியும் சதுரங்கள் மட்டும் வரும். விரலை நகர்த்தினால் அடுத்தது வரும், பழையது போகும்.

கல்லணைக்கு வரும் தண்ணீர் மொத்தத்தையும் யாரும் ஒரே வயலில் விடுவதில்லை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால், மடை வழியாக எங்கே தேவையோ அங்கே பாய்கிறது. இங்கேயும் அதே முறைதான். ஓலைச்சுவடிப் படங்களை இணையத்தில் நுணுக்கமாகக் காட்டும் பெரிய நூலகங்கள் பலவும் இப்படித்தான் செய்கின்றன.

பதிவேற்றப் பக்கங்களைப் பொறுத்தவரை வேலை இன்னும் சுலபம். முன்னோட்டத்துக்குச் சிறிய படம் போதும். இடக்குறிப்பைத் தனியாகப் படித்து வைத்துக்கொண்டு, படத்தைப் போனிலேயே சுருக்கி அனுப்பலாம். பழைய படத்தை மெமரியில் இருந்து இறக்கிவிடலாம். இணைப்பு அறுந்தால், விட்ட இடத்தில் இருந்து தொடரும் வசதி வைக்கலாம். இவற்றுக்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை.

சாட்சியாகப் போட்டோ வேண்டும் என்று விதி சொல்கிறது. அப்படியானால், அந்தப் போட்டோவை ஏற்றும் பக்கமும் 4 ஜிபி ரேம் போனில், விட்டு விட்டு வரும் சிக்னலில், மழை நாளில் சோதித்துப் பார்த்ததாக இருக்க வேண்டும். அலுவலகத்து வைஃபையில் சோதித்தது போதாது.

சுருக்கமாக...

எம்பியைப் பார்க்காதீர்கள், பிக்சலைப் பாருங்கள். ஹை ரெசல்யூஷனை அணையுங்கள், லொகேஷனை இயக்குங்கள். மூலப் படத்தைப் பத்திரமாக வையுங்கள். எதுவும் நடக்காவிட்டால் 72 மணி நேரம் முடிவதற்குள் 14447-க்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

மழை எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. கேமரா அமைப்பைச் சரிபார்ப்பது இன்றைக்கே முடியும். வயல் காய்ந்திருக்கும்போதே ஒரு படம் எடுத்து, அதன் ‘விவரம்’ பகுதியில் இடம் காட்டுகிறதா, எத்தனை பிக்சல் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், வெள்ளம் வரும் நாளில் தடுமாற வேண்டியிருக்காது.